ஜோடிச் சட்டி

ஒரகடம் கூட்ரோட்டுக்குச் சற்று முன்னால், கார்களை ஏற்றிப் போகும் நீள லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்துக்குப் பின்னால் பாண்டுரங்கனின் காயலான் கடை இருந்தது. கம்பெனிகளிலிருந்து வரும் சுருள் தகடு ஒரு பக்கம், வீடு இடித்த கம்பியும் ஜன்னலும் ஒரு பக்கம், எதிலும் சேராத மிச்சமெல்லாம் வேப்பமரத்தடியில் என்று குவித்து வைத்திருப்பான். தங்கமாரி நேரே வேப்பமரத்தடிக்குத்தான் போவாள். துப்பட்டாவை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, செருப்புக் காலால் தகரத்தை விலக்கி விலக்கித் தேடுவாள். மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் தோசைக்கல், பணியாரச் சட்டி, காது உடைந்த வாணலி என்று எது அகப்பட்டாலும் வெளியே இழுத்துப் போட்டுச் சின்னக் கல்லால் ஒரு தட்டு தட்டுவாள். மணிபோல் நின்று ஒலித்தால் எடுத்து ஓரமாக வைப்பாள். ‘டொக்’கென்று அமுங்கினால் எங்கோ விரிசல் என்று அர்த்தம், திரும்பக் குவியலிலேயே எறிந்துவிடுவாள்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஃபோன் கம்பெனி வேலைக்கென்று பஸ் ஏறி வந்தவள். ஹாஸ்டலில் இருந்து, லைனில் நின்று, அதே லைனில் நின்ற வேல்ராஜைக் கட்டிக்கொண்டு, கனிஷ்காவைப் பெற்று, கம்பெனி மூடியதும் வீட்டோடு ஆனாள். வேல்ராஜ் கார் உதிரிபாகம் செய்யும் வேறொரு கம்பெனியில் கான்ட்ராக்டில் ஏறிக்கொண்டான். சும்மா இருக்கப் பிடிக்காமல் அவள் ஒரு பழைய தோசைக்கல்லைத் தேய்த்துப் பழக்கி எடுத்தாள். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி தனக்கொன்று கேட்டாள். பிறகு படப்பைப் பக்கத்து அடுக்குமாடிப் பெண்கள் காரில் வந்து கேட்டார்கள். நான்ஸ்டிக் உடம்புக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். எல்லோருக்கும் திடீரென்று இரும்பு தேவைப்பட்டது.

“இரும்புச் சட்டியில ஆக்கிச் சாப்புட்டா ரெத்தம் ஊறும்க்கா. மாத்திரையே வேண்டாம்” என்பாள் தங்கமாரி. வியாபாரத்துக்காகச் சொன்ன பேச்சுதான். ஆனால் அவளும் அதை நம்பினாள்.

வேலை பொறுமையான வேலை. வேல்ராஜ் வாங்கித் தந்த பழைய மெஷினில் கம்பி பிரஷைப் பூட்டித் துருவைக் கிளப்புவாள். லைன் வீட்டுப் பின்புறமெல்லாம் செம்மண் புயல் அடித்ததுபோலாகிவிடும். அதன் பிறகு உப்புத்தாள், செங்கல் பொடி, தேங்காய் நார். புளி கரைத்த தண்ணீரில் ஊறவைத்து மறுபடி தேய்ப்பாள். பிறகு சோறு வடித்த கஞ்சியை நிறைத்து, புளித்து நாறுகிறவரை வைத்திருப்பாள். கடைசியில், கம்பெனிகள் தூக்கிப்போடும் பேக்கிங் கட்டைகளை எரித்து, சட்டியைக் கவிழ்த்துச் சுட வைத்து, துணிப்பொட்டலத்தால் நல்லெண்ணெய் பூசுவாள். புகைந்து அடங்கியதும் இன்னொரு பூச்சு, அது காய்ந்ததும் இன்னொன்று. சின்ன வெங்காயத்தை வதக்கிக் கொட்டி, மறுபடியும் எண்ணெய். அப்படியே கன்னங்கரேலென்று பளபளத்து வரும்.

“ஏன் இத்தினி வாட்டி பூசற? ஒரே தபா நெறைய ஊத்திட வேண்டியதுதானே” என்று அன்னபுஷ்பம் கேட்டாள் ஒருமுறை.

“புதுசா வாங்குன மாட்டப் பழக்குத மாதிரிதான்க்கா. அவசரப்பட்டா பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு நம்ம பேச்சு கேக்காது.”

அன்னபுஷ்பம் மண்ணூர்க்காரி. கம்பெனி கேட்டுக்கு எதிரே தார்ப்பாய் கட்டிச் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தாள். தங்கமாரி ஹாஸ்டலில் இருந்த காலத்தில் அந்தக் கடையில்தான் மத்தியானச் சோறு. காய்ச்சலில் கிடந்தபோது ரசம் கொண்டுவந்து கொடுத்தவள் அவள். கல்யாணத்துக்கு ஊரிலிருந்து யாரும் வராதபோது, கோயிலில் பெண் வீட்டுப் பக்கமாக நின்றவளும் அவள்தான். கழுத்தில் மாதா சுரூபத்தோடு முருகன் சந்நிதியில் அவள் நின்றதைப் பார்த்து ஐயர்கூடச் சிரித்தார்.

வைகாசிக் கடைசி வெயிலில் ஒரு நாள் பாண்டுரங்கனே கூப்பிட்டுக் காட்டினான்.

“தங்கம், இத்தப் பாரு. ஜோடியா வந்து கீது. ஒனுக்குன்னே எட்த்து வச்சேன்.”

பெரியதும் சின்னதுமாக இரண்டு குழிச் சட்டிகள். கனத்த வார்ப்பு. விளிம்பு ஓர் இடத்திலும் மூளியாகவில்லை. உள்ளே துருவுக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ பொருக்கு அப்பியிருந்தது. தட்டினாள். கடை முழுக்க அந்த நாதம் நின்றது.

“எங்கண்ணே இருந்து வந்துச்சு?”

“எவனோ குட்டி யானை வண்டில போட்டுகினு வந்தான். கல்யாண வூட்டு சட்டியா இருக்கும். உனக்கு இன்னாத்துக்கு அந்தக் கதை?”

தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பொருக்கு எளிதில் விடவில்லை. மெஷினைப் போட்டபோது சிவப்புத் தூளோடு சாம்பல் தூளும் பறந்தது. கனிஷ்கா பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்து, தரையில் படிந்த தூளில் விரலால் ‘அ’ போட்டாள், ‘ஆ’ போட்டாள். ஒன்றாம் வகுப்பு. எழுத்தென்றால் உயிர். அம்மா கொடுத்த முறுக்கைத் தின்றுகொண்டே ‘இ’ போட்டாள்.

தீயில் நிமிர்த்தி வைத்து உட்புறத்தைச் சுட்டபோது சின்னச் சட்டியின் குழிக்குள் வெள்ளி முத்துப்போல் ஒன்று திரண்டு உருண்டது. ஓட்டை அடைத்த பழைய பற்றாசு என்று நினைத்துத் தங்கமாரி கரண்டியால் தட்டி வெளியே தள்ளினாள். ஆறியதும் கனிஷ்கா அதைப் பொறுக்கி உள்ளங்கையில் உருட்டி விளையாடினாள்.

பெரிய சட்டியை அன்னபுஷ்பத்துக்குக் கொடுத்தாள். சின்னதை அடுக்குமாடிப் பெண் ஒருத்தி ஆசையாகக் கேட்டும் கொடுக்க மனசு வரவில்லை. இத்தனை சட்டி பழக்கியிருக்கிறோம், நம் வீட்டுக்கென்று ஒன்று வேண்டாமா என்று அடுப்பிலேயே வைத்துக்கொண்டாள். சுண்டவத்தல் குழம்பு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, நெத்திலிக் குழம்பு எல்லாம் அதில்தான். வைத்த குழம்பு மறுநாள்வரை அதிலேயே கிடந்து இன்னும் ருசியாக இருக்கும்.

அன்னபுஷ்பம் கடையில் மீன்குழம்பின் பெயரே மாறிவிட்டது. “அக்கா, சட்டிக் குழம்பு” என்றுதான் கம்பெனிப் பையன்கள் கேட்டார்கள். ஷிஃப்ட் விடும் நேரத்தில் தார்ப்பாய்க்கு வெளியே நின்றுகொண்டு தின்றார்கள்.

ஆடி மாதத்தில் கனிஷ்காவுக்கு வயிற்றுவலி வந்தது. வரும், போகும். வந்தால் சுருண்டு படுத்துக்கொள்வாள். வெளிக்கிப் போவது கஷ்டமாயிற்று. பக்கத்து கிளினிக்கில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த முறை போனபோது கண்ணிமையை இழுத்துப் பார்த்து ரத்தம் கம்மி என்றார்கள்.

“ரெத்தம் கம்மின்னா கீரையையும் அந்தச் சட்டியிலயே வைய்யி. இரும்பு ஏறும்ல” என்றான் வேல்ராஜ்.

வைத்தாள். முட்டையைக்கூட அதில்தான் பொரித்தாள். பிள்ளை வேண்டாமென்று முகத்தைத் திருப்பினால் மடியில் போட்டு ஊட்டினாள். தொட்டதற்கெல்லாம் பிள்ளைக்கு எரிச்சல் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டாள். பள்ளிக்கூடத்து டீச்சர் கூப்பிட்டு, “என்னம்மா, தெரிஞ்ச எழுத்தையே மறக்குறா. வீட்ல ஏதும் சண்டையா?” என்று கேட்டாள். தங்கமாரிக்கு அவமானமாக இருந்தது. அவளுக்கே ஓயாமல் தலை வலித்துக்கொண்டிருந்தது. தீயில் நிற்பதால் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டுவிட்டுக்கொண்டிருக்கும்போதே பிள்ளைக்குக் கையும் காலும் இழுத்துக்கொண்டன. வேல்ராஜ் தூக்கிக்கொண்டு ஓடினான். அங்கே போ, இங்கே போ என்று கடைசியில் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. வேல்ராஜிடம் என்ன வேலை, வீட்டுப் பக்கத்தில் என்ன கம்பெனி, குழந்தை மண் தின்பாளா, பெயின்ட் சுரண்டுவாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு தங்கமாரியிடம் திரும்பி, “நீங்க என்னம்மா பண்றீங்க?” என்றாள்.

தங்கமாரி சொன்னாள். சொல்லச் சொல்ல டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முத்து உருண்டதைச் சொன்னபோது, “அத என்ன பண்ணீங்க?” என்று கேட்டாள்.

“பிள்ள வச்சு வெளையாடுனா.”

ரத்தச் சோதனை முடிவு வந்தபோது டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள். “ஈயம்மா. ரத்தத்துல ரொம்ப ஏறியிருக்கு.”

“ஈயமா? பித்தளைக்கு ஈயம் பூசித்தானேம்மா ஆக்குதாங்க.”

“அது வெள்ளீயம். இது காரீயம். பேட்டரிக்குள்ள இருக்குமே, அது. அந்தச் சட்டியில யாரோ பழைய பேட்டரிய உடைச்சி ஈயம் உருக்கியிருக்காங்க. இரும்போட துவாரத்துல எல்லாம் ஏறிடும். எவ்ளோ தேச்சாலும் போகாது. நீங்க தேய்க்கும்போது தூளா பறந்திருக்கும். புளி ஊத்திக் குழம்பு வெச்சா கரைஞ்சி வந்துகிட்டே இருக்கும்.”

“சரியாயிரும்லா?”

“வெளிய எடுக்க மருந்து கொடுப்போம். ரத்தத்துல எறங்கும்.” டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். “மூளைக்குப் போனதத் திருப்பி வாங்க முடியாதும்மா. வளர வளரப் பார்ப்போம். வேற யாராவது அந்தச் சட்டியில சாப்பிட்டாங்களா?”

தங்கமாரி வாயைத் திறந்தாள். வேல்ராஜ் முந்திக்கொண்டான். “இல்ல மேடம். நாங்க மட்டுந்தான்.”

வராந்தாவில் தூணோரமாக அவளை நிறுத்தி வைத்துப் பேசினான்.

“ஏட்டி, வாய வச்சிக்கிட்டு சும்மா கெட. அந்தக் கடையில எத்தன பேரு தின்னுருக்கான். போலீசு கேசுன்னு வந்தா ஒன்னயத்தான் மொதல்ல தூக்கிட்டுப் போவான். தைக்குள்ள எனக்குப் பெர்மனன்ட் ஆயிரும்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு. நீ உள்ள கெடந்தா இந்தப் பிள்ளைய யாரு பாப்பா?”

“அன்னபுஷ்பக்கா மட்டுமாவது…”

“அவ கிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. மொதல்ல பிள்ள வீட்டுக்கு வரட்டும். அப்புறம் ஏதாவது சொல்லி அந்தச் சட்டிய வாங்கிக்கிடலாம்.”

மறுநாள் வேல்ராஜ் ஒரகடம் போய்ப் பாண்டுரங்கனைச் சட்டையைப் பிடித்துக் கேட்டுவிட்டு வந்தான். ஏரிக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகையில் பேட்டரி உடைத்துக்கொண்டிருந்தவர்களை ஆபீசர்கள் வந்து விரட்டியபோது, அவர்கள் ராவோடு ராவாக விற்றுவிட்டுப் போன சாமானில் அந்தச் சட்டிகளும் இருந்தனவாம். “எனுக்கு இன்னாபா தெரியும்? இரும்புன்னு வந்திச்சி, இரும்புன்னு குட்த்தேன். சட்டில ஆக்கித் துன்ன நான் சொன்னேனா?” என்றானாம்.

கனிஷ்காவுக்கு ஊசியில் மருந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அன்னபுஷ்பம் வந்தாள். கடையை விட்டு நகராதவள், பஸ் மாறி மாறி, மழையில் நனைந்து, கையில் டிபன் கேரியரோடு வந்தாள்.

“இன்னாடி ஆச்சி என் கொயந்தைக்கு? ஒரு போன் பண்ணக் கூடாதா நீ? கொயந்த ஆஸ்பத்திரில கீதுன்னு அந்தப் பாண்டுரங்கன் பொஞ்சாதி சொல்லித்தான் எனுக்குத் தெரியும். இன்னா ஏதுன்னு அவ சொல்லல.” பிள்ளையின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். “டாக்டர் இன்னா சொல்றாங்க?”

“ஃபிட்ஸுக்கா” என்றான் வேல்ராஜ்.

“மாதா பாத்துக்குவா. நீ துன்னியா இல்லியா? மூஞ்சப் பாரு.” கேரியரைத் திறந்தாள். சோறும் மீன்குழம்பும். “சங்கரா மீனு. சட்டில சுண்ட வச்சி எட்த்தாந்தேன். நம்ம ஜோவிதா வந்துகீறாடி, பிரசவத்துக்கு. முந்தாநேத்துதான் மாப்ள கொணாந்து வுட்டுட்டுப் போனாரு. ஆறு மாசமா வாந்தி, ஒண்ணும் எறங்கலியாம். இந்தக் கொழம்ப ஒரு வாய் வச்சா பாரு, அம்மா, இது ஒண்ணுதான் உள்ள போவுதுன்றா. டெய்லி இதுவே வோணுமாம்.”

தங்கமாரி குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் பிரிந்து மேலே நின்றது. புளியும் வெந்தயமும் மணத்தன. பக்கத்தில் வேல்ராஜின் கை அவள் முழங்கையை இறுகப் பிடித்தது.

“அப்புறமா சாப்புடுதேன்க்கா” என்றாள்.

அன்னபுஷ்பம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பியதும், கேரியரை எடுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் கொட்டினாள். வாசனை போகிறவரை கழுவினாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது கார்த்திகை பிறந்துவிட்டது. டாக்டரம்மா கேட்டதால் சின்னச் சட்டியை வேல்ராஜ் சாக்கில் கட்டி அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். பின்புறத்துத் தூளையெல்லாம் ஈரத்துணியால் துடைத்து, மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். கனிஷ்கா நடந்தாள், தின்றாள், வலி என்று சொல்லவில்லை. சிலேட்டைக் கொடுத்தால் ‘அ’வுக்கு அப்புறம் என்ன என்று அம்மா முகத்தைப் பார்த்தாள். தங்கமாரி சொல்லிக் கொடுத்தாள். சிறிது நேரம் கழித்து மறுபடியும் பார்த்தாள்.

ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும், இன்று போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். வேல்ராஜ் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்ப்பான். “தை வரைக்கும்” என்பான். ஒரு முறை அன்னபுஷ்பத்துக்குப் போன் போட்டு, “அக்கா, அந்தப் பெரிய சட்டிய ஒருக்கா குடுங்க, மறுபடி பழக்கித் தாரேன்” என்று கேட்டுப் பார்த்தாள்.

“அதுக்கு இன்னா கேடு? கண்ணாடியாட்டம் கீது. வோணாம் வுடு” என்றாள் அன்னபுஷ்பம்.

பிறகு ஒரு நாள் ரேஷன் வாங்கிவிட்டுக் கடைப் பக்கமாகத் திரும்பினாள். ஷிஃப்ட் விட்ட நேரம். நீலச் சட்டைப் பையன்கள் தட்டும் கையுமாக நின்றார்கள். தார்ப்பாய்க்குள்ளே ஜோவிதா பிளாஸ்டிக் சேரில் வயிற்றைத் தாங்கி உட்கார்ந்திருந்தாள். சட்டியின் அடியில் ஒட்டியிருந்த குழம்பில் சோற்றைப் போட்டுப் பிரட்டி, கையால் வழித்து வழித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். “யக்கா, வாங்க” என்று வாய் நிறையச் சோறோடு சிரித்தாள்.

தங்கமாரி ரேஷன் பையைக் கீழே போட்டாள். “ஜோவிதா, துப்பு. அதத் துப்பிரு.”

“இன்னாடி?” என்று திரும்பினாள் அன்னபுஷ்பம்.

“அக்கா, அந்தச் சட்டியில வெசம் இருக்கு. கனிஷ்காவுக்கு அதாலதான் வந்துச்சு. பேட்டரி ஈயம் உருக்குன சட்டிக்கா அது. ஜோவிதாவுக்கு குடுக்காதீக, வகுத்துல இருக்குத பிள்ளைக்கு ஆகாது.”

பையன்கள் தட்டிலிருந்து கையை எடுத்தார்கள். அன்னபுஷ்பம் அவர்களைப் பார்த்தாள், தங்கமாரியைப் பார்த்தாள்.

“ஏய், இன்னா பேசற நீ? யாவார நேரத்துல வந்து வெசம் கிசம்ன்ற? அன்னிக்கு போன் பண்ணி சட்டியக் கேட்ட. இன்னிக்கு இந்தக் கதைய எட்த்துகினு வந்துகீற. எவளாச்சும் கார்க்காரி வெல வச்சிட்டாளா?”

“சத்தியமாக்கா. எம்பிள்ள மேல சத்தியம்.”

“கொயந்த மேல சத்தியம் பண்ணாத! போ. வூட்டாண்ட வரேன், அப்பால பேசிக்கலாம்.”

தங்கமாரி இரண்டு காதுகளையும் பிடித்துச் சட்டியைத் தூக்கினாள். ரோட்டோரம் நட்டிருந்த எல்லைக்கல்லின் மேல் ஓங்கிப் போட்டாள். வார்ப்பிரும்பு வளையாது. பெரிய சத்தத்தோடு மூன்றாகப் பிளந்தது. மிச்சக் குழம்பும் சோறும் மண்ணில் சிதறின. அன்னபுஷ்பம் ஓடிவந்து அவள் கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். “எம் பொயப்ப ஒட்ச்சிட்டியேடி, பாவி” என்று மாரில் அடித்துக்கொண்டாள். பையன்களில் ஒருவன் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். தங்கமாரி உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ரேஷன் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

அன்று வேல்ராஜ் அவளோடு பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. போலீஸ் யாரும் வரவில்லை.

மார்கழி நடுவில் ஒரு சாயங்காலம் அன்னபுஷ்பம் வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“ஜோவிதாக்கு ரத்தம் எட்த்துப் பாத்தாங்க” என்றாள். “அவதான், இன்னாத்துக்கும் பாத்துடலாம்மான்னு டாக்டராண்ட கேட்டா. நீ சொன்னது நெஜந்தான். கீதாம்.”

“கொழந்தைக்குக்கா?”

“பொறந்தாத்தான் தெரியும்ன்றாங்க. இப்ப மருந்து எதுவும் குடுக்க முடியாதாம். இன்னமும் துன்னுகினு இருந்தா கலைஞ்சே போயிருக்கும்னாரு டாக்டரு.” தங்கமாரியின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “நீ ஒடைக்காம வுட்டிருந்தா இன்னிக்கு வரைக்கும் அதுலதான் ஆக்கிப் போட்டுகினு இருந்திருப்பேன். உன்னப் போயி கை நீட்டி அட்ச்சேன் பாரு. எனக்குக் கை வெளங்குமா?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உனக்கு எப்போடி தெரிஞ்சிச்சி?”

“சட்டிய ஒடச்ச அன்னைக்குக் காலையிலதான்க்கா ரிப்போர்ட்டே வந்துச்சு” என்றான் வேல்ராஜ் உள்ளேயிருந்து. “கேட்ட ஒடனே ஓடியாந்துட்டா.”

அன்னபுஷ்பம் எழுந்து, தங்கமாரியின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். “மாதா உன்ன நல்லா வப்பா. உம்பொண்ணும் நல்லா வருவா” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

தங்கமாரி அப்படியே நின்றாள். அன்னபுஷ்பம் தெருமுனையைத் தாண்டியபோது, பின்னால் ஓடினாள்.

“அக்கா, நில்லுங்க. அவுக சொன்னது பொய்.”

“எது?”

“நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தீகள்லா, அப்பவே எனக்குத் தெரியும். நீங்க கொண்டாந்த கொழம்பக் கொட்டிட்டேன். பயந்துக்கிட்டுச் சொல்லல.”

கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு இருவரையும் ஒட்டிப் போயிற்று. புழுதி அடங்கியதும் அன்னபுஷ்பம் அவள் பக்கம் திரும்பினாள்.

“அப்போ ஜோவிதா வந்து ரெண்டு நாளுதானேடி ஆயிருந்திச்சி” என்றாள். “அப்பால ஒரு மாசம் துன்னாளே.”

“ஆமாக்கா.”

“தெனம் நாந்தானே ஊட்டுனேன்.”

அன்னபுஷ்பம் கையைத் தூக்கினாள். அடிப்பாள் என்று தங்கமாரி கண்ணை மூடிக்கொண்டாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அன்னபுஷ்பம் கலைந்திருந்த முந்தானையைத்தான் சரிசெய்துகொண்டாள்.

“இத்த நீ எங்கிட்டச் சொல்லாமயே இருந்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டு, ரோட்டைக் கடந்து போனாள்.

திரும்பி வந்தபோது வேல்ராஜ் வாசலில் நின்றிருந்தான்.

“சொல்லிட்டல்லா? இப்ப மனசு ஆறிட்டா ஒனக்கு?”

“இல்ல” என்றாள். அவனைத் தாண்டி உள்ளே போய், பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டதென்று அடுப்பைப் பற்றவைத்தாள்.